துயர் தீர்ப்போரின் மனநலம்

ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் தேதியன்று நம் நாட்டுத் தீயணைப்பு நிலையங்களில் உயிர் நீத்த வீரர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது. 1944ஆம் ஆண்டில் அந்நாளன்று பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா கப்பல்துறையில் நின்றிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பலில் தீப்பற்றியது. அக்கப்பலில் பஞ்சுப் பொதிகளுடன் ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருள்களும் ஏற்றப்பட்டிருந்தன. தீயை அடக்க வீரர்கள் முயன்றுகொண்டிருக்கையிலேயே, மாலை 4 மணிக்குச் சற்றுப் பின்னர்க் கப்பல் வெடித்துச் சிதறியது. தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டனர். அவர்கள் நினைவாகவே அந்நாள் போற்றப்பட்டு வருகிறது.

மாண்டவர்களின் எண்ணிக்கை ஏட்டில் உள்ளது. அன்று அவர்களுடன் நின்று, தோழர்களை இழந்து, உயிர் தப்பி வீடு திரும்பியவர்களின் உள்ளம் பின்னர் எந்நிலையில் இருந்தது என்பதை அக்காலத்தில் எவரும் கணக்கிடவில்லை. அது கணக்கிடத்தக்க ஒரு பொருள் என்ற எண்ணமே அன்று பரவியிருக்கவில்லை.

79 ஆண்டுகளுக்குப் பின்னர், 2023ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி மாலையில், ஒடிசா மாநிலம் பாலசோர் மாவட்டத்திலுள்ள பாஹாநகா பஜார் நிலையத்தருகே, ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில் ஒரு சரக்கு ரயிலின்மீது மோதித் தடம்புரண்டது. எதிர்த்திசையில் சென்ற ஹௌரா ரயிலின் பெட்டிகளும் இவ்விபத்தில் சிக்கின. 290க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 9 குழுக்கள் அங்குப் பணியாற்றின. சில நாட்களுக்குப் பின் அப்படையின் தலைமை இயக்குநர் டில்லியில் நிகழ்ந்த ஒரு மாநாட்டில் ஒரு செய்தியைக் கூறினார். மீட்புப் பணியிலிருந்து திரும்பிய வீரர் ஒருவருக்குத் தண்ணீரைக் கண்டாலே இரத்தமாகத் தோன்றுகிறது என்றும், மற்றொருவருக்கு உணவில் விருப்பமே அற்றுப்போயிற்று என்றும் அவர் தெரிவித்தார். தம் படையினருக்கு மனநல ஆலோசனை அளிக்கப்பட்டு வருவதையும் எடுத்துரைத்தார்.

ஒரு சீருடைப் படையின் தலைவர் இதனைப் பொதுமேடையில் கூறியது குறிப்பிடத்தக்கதாகும். கோழைத்தனம் என்றோ மனவலிமைக் குறைவு என்றோ நெடுங்காலம் மறைக்கப்பட்டு வந்த ஒரு நிலை, பணியினால் விளையும் இன்னலாக இன்று ஏற்கப்படத் தொடங்கியுள்ளது. இத்துறையில் விஞ்ஞானிகள் கண்டறிந்துள்ளவற்றையும், அவற்றால் நாம் கொள்ள வேண்டிய பாடங்களையும் இக்கட்டுரையில் காண்போம்.

உடலும் உள்ளமும்

ஆபத்து எதிர்ப்படும்போது உடல் அதனைச் சந்திக்கத் தன்னைத் தானே ஆயத்தம் செய்துகொள்கிறது. சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயத் துடிப்பு விரைவடைகிறது, மூச்சு மிகுகிறது, செரிமான உறுப்புகளுக்குச் செல்லும் இரத்தம் குறைந்து தசைகளுக்குச் செல்லும் இரத்தம் பெருகுகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை விரிவாக ஆராய்ந்தார். எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் இவ்வாறு தயாராகிறது என்று அவர் விளக்கினார்.

மூளையின் உட்பகுதியில் வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் ஒரு பகுதி உள்ளது. அச்சத்தை உணர்வதிலும், அச்சம் தோய்ந்த அநுபவங்களை நினைவில் பதிப்பதிலும் இதற்குப் பெரும்பங்கு உண்டு. அட்ரினலின் மிகுந்துள்ள வேளையில் காண்பனவும் கேட்பனவும் முகர்வனவும் மிக ஆழமாகப் பதிகின்றன. காட்டில் புலியைக் கண்டு பிழைத்த மனிதன் அவ்விடத்தை மறவாதிருப்பது அவன் உயிருக்கு நன்று. ஆகவே இவ்வியல்பு இயற்கை அளித்த பாதுகாப்பேயாகும்.

பெரும்பாலோருக்கு ஆபத்து நீங்கியபின் இவ்வேற்பாடுகள் யாவும் தாமே அடங்கிவிடுகின்றன. சில இரவுகள் உறக்கம் கெடலாம். கண்ட காட்சிகள் மனத்திரையில் மீண்டும் தோன்றலாம். சில வாரங்களில் இவை தேய்ந்து மறைகின்றன. இவற்றை நோய் என்று கொள்ளலாகாது.

ஒருசிலருக்கு மட்டும் அவை அடங்குவதில்லை. ஆபத்து கழிந்து மாதங்கள் சென்றபின்னும் உடல் அதனை எதிர்நோக்கிக்கொண்டே இருக்கிறது. அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் 1980இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பில் இந்நிலை தனி நோயாக இடம் பெற்றது. ‘பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன அழுத்த நோய்’ என்று தமிழில் இதனைக் கூறலாம். இதன் அறிகுறிகளை மருத்துவர்கள் நால்வகையாகப் பிரிக்கின்றனர். நிகழ்ந்தவை நினைவாகவும் கனவாகவும் வலிந்து வந்து புகுதல் முதலாவது. அவற்றை நினைவூட்டும் இடங்களையும் மனிதர்களையும் விலக்கி ஒதுங்குதல் இரண்டாவது. தன்மீதும் உலகின்மீதும் கசப்பும், குற்ற உணர்ச்சியும், எதிலும் நாட்டமின்மையும் மூன்றாவது. உறக்கமின்மை, எரிச்சல், சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல் ஆகியவை நான்காவது. இவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின் நோய் என்று முடிவு செய்யப்படுகிறது.

மனச்சோர்வு, மிதமிஞ்சிய மது, குடும்பத்தில் பூசல் ஆகியவையும் இதே காரணத்தால் தோன்றலாம். இவற்றை வேறு பெயரிட்டு அழைத்து, மூலகாரணத்தை அறியாமலேயே விட்டுவிடுவது பல இடங்களில் காணப்படுகிறது.

எத்தனை பேருக்கு?

உலகின் பல நாடுகளில் மீட்புப் பணியாளரைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. அதன்படி அவர்களுள் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இந்நோய் காணப்பட்டது. தீயணைப்போரைவிடவும் போலீசாரைவிடவும் ஆம்புலன்ஸ் ஊழியரிடையே இது மிகுந்திருந்தது. பெரும் விபத்துகளில் மட்டுமன்றி ஒவ்வொரு நாளும் குருதியையும் கதறலையும் காண்பவர்கள் அவர்களே.

இவ்வெண்ணை இருபுறமும் நோக்குதல் வேண்டும். பத்தில் ஒருவர் என்பது பெருந்தொகையே. எனினும், அத்தகைய காட்சிகளைக் கண்டும் பத்தில் ஒன்பது பேர் இந்நோய்க்கு இரையாகவில்லை என்பதும் அதில் அடங்கியுள்ளது. அவர்களைக் காத்தது யாது என்ற வினாவே விஞ்ஞானிகளின் கருத்தை ஈர்த்துள்ளது.

ஆஸ்திரேலியாவில் 1983ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பெருங் காட்டுத்தீ மூண்டது. அதில் பணியாற்றிய 469 தீயணைப்போரை மனநோய் மருத்துவர் அலெக்சாண்டர் மக்ஃபார்லேன் 4, 11, 29 மாதங்களுக்குப் பின் மும்முறை ஆராய்ந்தார். சிலர் தொடக்கத்திலேயே பாதிப்புற்றுப் பின்னர்த் தேறினர். சிலர் தேறவே இல்லை. மற்றும் சிலருக்குத் தொடக்கத்தில் யாதொரு குறையும் தோன்றாமல், பல மாதங்கள் கழித்தே நோய் தலைகாட்டியது. விபத்து நடந்த வாரத்தில் ஒருவரைக் கண்டு, நலமாகத்தான் இருக்கிறார் என்று கோப்பை மூடிவிடுவது போதாது என்பதை இவ்வாராய்ச்சி உணர்த்தியது.

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் தேதி நியூயார்க் நகரில் உலக வாணிப மையம் தகர்க்கப்பட்டது. அன்று அந்நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் மாண்டனர். அங்கு மீட்புப் பணியிலும் இடிபாடுகளை அகற்றும் பணியிலும் ஈடுபட்டோரில் ஏறத்தாழ 29,000 பேரை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தனர். மொத்தத்தில் நூற்றுக்கு 12.4 பேருக்கு இந்நோய் இருந்தது. போலீசாரிடையே இது 6.2ஆக இருந்தது. எவ்வமைப்பையும் சாராமல் தாமே முன்வந்து உதவிய தொண்டர்களிடையே 21.2ஆக இருந்தது. தம் வழக்கமான தொழிலுக்குப் புறம்பான வேலையைச் செய்ய நேர்ந்தவர்கள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தனர்.

ஒரே இடத்தில், ஒரே துயரத்தைக் கண்டவர்களிடையே மூன்று மடங்குக்கு மேல் வேற்றுமை ஏற்பட்டது கருதத்தக்கது. பயிற்சியும், தான் செய்யப்போவது இன்னது என்ற முன்னறிவும் மனத்திற்கு ஒரு கவசமாகின்றன என்று இதிலிருந்து கொள்ளலாம்.

நன்னோக்கம் மட்டும் போதுமா?

1980ஆம் ஆண்டுகளில் ஒரு புதிய முறை பல நாடுகளில் பரவியது. அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர் இதனை 1983இல் வகுத்துரைத்தார். கொடிய நிகழ்ச்சி ஒன்று நடந்த சில நாட்களுக்குள் அதில் பங்கேற்ற அனைவரையும் ஒன்றுகூட்டி, கண்டவற்றையும் எண்ணியவற்றையும் உணர்ந்தவற்றையும் வரிசைப்படி சொல்லச் செய்வதே இம்முறை. மனத்தில் தேங்கியதை வெளியேற்றிவிட்டால் நோய் வராது என்பது இதன் கருத்து. கேட்போருக்கு இது பொருத்தமாகவே தோன்றியது. பின்னர் இது தனி மனிதர்களுக்கும் ஒரேயொரு சந்திப்பாக அளிக்கப்படலாயிற்று.

ஆனால் விஞ்ஞானம் தோற்றத்தை நம்பி அமைவதில்லை. பிரிட்டனில் தீக்காயமுற்ற நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் இம்முறையை அளித்துச் சோதித்தனர். 1997இல் வெளிவந்த முடிவு எதிர்பாராததாக இருந்தது. 13 மாதங்களுக்குப் பின் இம்முறையைப் பெற்றவர்களுள் நூற்றுக்கு 26 பேருக்கு நோய் இருந்தது. பெறாதவர்களுள் நூற்றுக்கு 9 பேருக்கே இருந்தது. பல சோதனைகளைத் தொகுத்து நோக்கிய ஆய்வாளர்களும், ஒரேமுறை கூட்டிப் பேசச் செய்வதால் நோய் தடுக்கப்படுவதாகச் சான்று இல்லை என்றும், அதனைக் கட்டாயமாக்குவதை நிறுத்த வேண்டும் என்றும் 2002இல் கூறினர்.

ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறுவதற்கு இதனை ஒப்பிடலாம். பேச விரும்பாதவனை அனைவர் முன்னிலையிலும் பேச வைத்தால், அவன் உள்ளம் தானே அடங்கும் போக்கு தடைப்படக்கூடும். பிறர் கண்ட கொடுமைகளையும் கேட்டு அவன் மேலும் கலங்கக்கூடும்.

இன்று இதற்கு மாற்றாக ‘மன முதலுதவி’ பரிந்துரைக்கப்படுகிறது. உலகச் சுகாதார ஸ்தாபனமும் வேறு இரு அமைப்புகளும் இதற்கான கையேட்டை 2011இல் வெளியிட்டன. பாதுகாப்பான இடத்தில் அமரச் செய்தல், நீரும் உணவும் போர்வையும் அளித்தல், குடும்பத்தாருடன் தொடர்பு ஏற்படுத்துதல், பேச விரும்பினால் பொறுமையுடன் கேட்டல், விரும்பாவிடில் வற்புறுத்தாது உடனிருத்தல் ஆகியவையே இதன் சாரம். இதற்கு மருத்துவர் தேவையில்லை. நம் ஊர்களில் துக்க வீட்டில் மூத்தோர் செய்துவரும் உதவிக்கு இது மிக நெருங்கியதாகும்.

நோய் ஏற்பட்டுவிட்டால் நம்பத்தக்க சிகிச்சைகள் உள்ளன. அதிர்ச்சி நினைவை நிபுணரின் துணையுடன் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பயிற்றும் முறை அவற்றுள் முதன்மையானது. கண்ணசைவின் துணைகொண்டு நினைவுகளைச் சீர்செய்யும் முறையும் பயன் தருகிறது. தேவைப்படும்போது செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் மருத்துவரால் அளிக்கப்படுகின்றன.

வடகடல் தரும் பாடம்

1988ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி, ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் அமைந்திருந்த ‘பைப்பர் ஆல்ஃபா’ என்னும் எண்ணெய்க் கிணற்று மேடை வெடித்து எரிந்தது. 167 பேர் மாண்டனர். கடலடியிலிருந்து மேலே கொணரப்பட்ட உடல்களை மீட்டு அடையாளம் காணும் பணி போலீசாரைச் சார்ந்தது. அபர்டீன் நகரில் மனநோய் மருத்துவத் துறையைச் சேர்ந்த டேவிட் அலெக்சாண்டர் அவர்களை ஆராய்ந்தார். அவர்களுள் சிலரின் மனநிலை வேறொரு காரணத்திற்காக விபத்துக்கு முன்னரே அளவிடப்பட்டிருந்தமையால், முன்னும் பின்னும் ஒப்பிடும் அரிய வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது.

அப்பணியின் கொடுமையை நோக்கப் பலரும் நோயுறுவர் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் அவ்வாறு நிகழவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோதும் நிலைமை மாறவில்லை. பணி நன்கு திட்டமிடப்பட்டிருந்ததும், நிர்வாகம் பொறுப்புடன் நடந்துகொண்டதும் இதற்கு வலிய காரணங்கள் என்று அலெக்சாண்டர் கருதினார். தோழர்களுடன் பேசுவதும், தமக்குள் நகைத்துக்கொள்வதும் பெரிதும் உதவின என்று போலீசார் கூறினர்.

இக்கண்டுபிடிப்பு மிக முக்கியமானது. மனத்தின் மீள்திறனை ஒரு மனிதனின் பிறவிக்குணம் என்று மட்டும் நாம் எண்ணிவருகிறோம். எஃகு வில் ஒன்றை வளைத்து விட்டால் அது பழைய நிலைக்கு மீள்கிறது. எனினும், மிகச் சிறந்த எஃகும் ஓயாது வளைக்கப்படுமானால் நாளடைவில் நுண்ணிய விரிசல் கண்டு முறிகிறது. பொறியாளர்கள் இதனை உலோகச் சோர்வு என்பர். பாலம் கட்டுவோர் எஃகின் தரத்தைப் பார்ப்பதுடன், அதன்மீது ஏறும் பாரத்தையும், அது எத்தனை முறை ஏறி இறங்கும் என்பதையும் கணக்கிடுகின்றனர். மனிதர் திறத்திலும் அக்கணக்கு வேண்டும்.

இங்கிலாந்தில் அவசரப் பணியாளர் 400க்கு மேற்பட்டோரைக்கொண்டு ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2020இல் வெளியிட்டனர். ஒரு சாராருக்குக் குழுவாகக் கூடி மீள்திறனை வளர்க்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. மற்றொரு சாராருக்கு மனநலம் பற்றிய செய்திகள் மட்டும் தரப்பட்டன. இரு சாராருக்குமிடையே கருதத்தக்க வேற்றுமை தோன்றவில்லை. ஆகவே, சில வகுப்புகளை நடத்திவிட்டு, இனி உங்கள் மனத்தை நீங்களே காத்துக்கொள்ளுங்கள் என்று பணியாளரிடம் கூறிவிடுவது எவ்வகையிலும் போதாது. இரவு முறைகளுக்கிடையே போதிய ஓய்வு, தெளிவான கட்டளை, குறைந்த பணியாட்களைக்கொண்டு நிறைந்த வேலையை வாங்காமை ஆகியவை நிர்வாகத்தின் கையில் உள்ளவை.

நம் நாட்டில்

2006ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசியப் பேரிடர் மீட்புப் படையில் இன்று 16 பட்டாலியன்கள் உள்ளன. 2005ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை பின்னர்ப் பல மாநிலங்களுக்கும் பரவியது; தமிழ்நாட்டில் 2008 முதல் நடைபெற்று வருகிறது. இவற்றுடன் மாநிலத் தீயணைப்புத் துறைகளும், போலீசாரும், ரயில்வே ஊழியரும் நாள்தோறும் ஆபத்தின் நடுவே நிற்கின்றனர். தொலைபேசியில் அழைப்பை ஏற்பவரையும் இவர்களுடன் சேர்த்தல் வேண்டும். அவர் காட்சியைக் காண்பதில்லை. கதறலை மட்டும் கேட்கிறார். பெரும்பாலும் அதன் முடிவு என்னவாயிற்று என்பதையும் அவர் அறியமாட்டார்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையம் 1984ஆம் ஆண்டுப் போபால் விஷவாயு விபத்து முதல் பல பேரிடர்களில் மனநலப் பணி ஆற்றி அநுபவம் பெற்றுள்ளது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இத்துறைக்கான நெறிமுறைகளை 2009இல் வெளியிட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுவோரைப் பற்றிய செய்திகள் வெளியாகாமல் காக்கப்படும் உரிமையை அளிக்கிறது. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

ஆயினும் ஒரு குறை எஞ்சியுள்ளது. நம் நாட்டில் விபத்து நடந்த இடத்திற்கு முதலில் ஓடிவருவோர் பெரும்பாலும் சீருடை அணியாதவர்களே. பாஹாநகாவிலும் சீருடைப் படையினர் வருமுன்னரே அக்கம்பக்கத்து மக்கள் இருளில் பெட்டிகளுக்குள் புகுந்து மனிதர்களை வெளியே கொணர்ந்தனர். அருகிலிருந்த உயர்நிலைப் பள்ளி உடல்களைக் கிடத்தும் இடமாயிற்று. பின்னர் மாணவர்கள் அங்குச் செல்ல அஞ்சியமையால் அக்கட்டடம் சில நாட்களிலேயே இடிக்கப்பட்டது. இடத்தை இடித்துவிடலாம், கண்டவர் நினைவை அவ்வாறு அகற்ற இயலாது. நியூயார்க் ஆய்வில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவர்கள் பயிற்சியற்ற தொண்டர்களே என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். பிணவறை ஊழியர், துப்புரவுப் பணியாளர், உடல்களை ஏற்றிச்சென்ற வண்டியோட்டிகள் ஆகியோரும் இத்தகையோரே. இவர்கள் எந்தப் படையின் பட்டியலிலும் இல்லை. ஆகையால் இவர்களை நலம் விசாரிக்கும் கடமை எவருக்கும் குறித்து ஒதுக்கப்படவில்லை.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, பணிக்குமுன் உண்மையைச் சொல்லுதல் வேண்டும். எத்தகைய காட்சியைக் காண நேரும், எவ்வளவு நேரம் பணி இருக்கும், எப்போது மாற்றுக் குழு வரும் என்பவற்றை அறிந்து செல்பவன் குறைவாகக் கலங்குகிறான். இரண்டாவதாக, புதியவரைத் தனியே விடாது மூத்தவருடன் இணைத்தல் வேண்டும். மூன்றாவதாக, பேசுமாறு எவரையும் கட்டாயப்படுத்தாமலும், பேச வந்தவரைத் திருப்பி அனுப்பாமலும் இருத்தல் வேண்டும். நான்காவதாக, ஒரு மாதம் கழித்தும் ஆறு மாதம் கழித்தும் மறவாது நலம் கேட்டல் வேண்டும். ஐந்தாவதாக, உதவி நாடியவரின் பதவி உயர்வுக்கோ பணிக்கோ அதனால் ஊறு நேராது என்ற உறுதியைத் தலைவர்கள் செயலில் காட்டுதல் வேண்டும். இவ்வுறுதி இல்லாவிடில் மற்ற நான்கும் பயன்படா.

குடும்பத்தாருக்கும் இதில் பங்குண்டு. வழக்கத்திற்கு மாறாக ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டாலும், உறங்காதிருந்தாலும், குழந்தைகளிடம் சீறினாலும், மதுவை நாடினாலும் அதனைக் குணக்கேடு என்று கடிந்துகொள்ளுமுன், அண்மையில் அவர் எதைக் கண்டுவந்தார் என்பதை எண்ணிப்பார்த்தல் நலம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளியிட்டால் ஒரு கணமும் தாமதியாது மருத்துவ உதவியை நாட வேண்டும்.

தீயணைப்பு வண்டி நிலையத்திற்குத் திரும்பியதும் செய்யப்படும் பணிகளை வாசகர்கள் கண்டிருக்கக்கூடும். நீர்க்குழாய்கள் கழுவி உலர்த்தப்படுகின்றன. சுவாசக் கருவியின் காற்றுக் கலன்கள் சோதிக்கப்பட்டு மீண்டும் நிரப்பப்படுகின்றன. பழுதுற்றவை தனியே எடுத்துவைக்கப்பட்டுப் பதிவேட்டில் குறிக்கப்படுகின்றன. கருவி பழுதுற்றது என்று எழுதுவதற்கு எவரும் நாணுவதில்லை. எழுதாமல் விடுவதே குற்றமாகக் கருதப்படுகிறது. அக்கருவிகளைத் தாங்கிச் சென்ற மனிதர்களுக்கும் இவ்வழக்கத்தை விரிவுபடுத்துவது எந்த நிலையத்திற்கும் இயலக்கூடியதே. அதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.